ஒன்றரைக் காருக்கு ஒரு வீடு

கார் நிறுத்துவதைப் பற்றிப் பேச மேடை ஏறும் நிபுணர்கள் ஒரு கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டார்கள். சுமார் 2,700 வருஷத்துக்கு முன்னால் அசீரியாவை ஆண்ட சனகெரிப் மகாராஜா, நினிவே நகரத்தில் ராஜபாட்டை ஒன்று போட்டாராம். ஓரத்தில் கல் நட்டு, 'இங்கே வண்டியை நிறுத்தினால் கழுமரம்' என்று எழுதிவைத்தாராம். உலகத்தின் முதல் 'நோ பார்க்கிங்' பலகை அதுதானாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்தை ராஜபாட்டைக்குள் தள்ளிப் போட்டால், அவனை அவன் வீட்டின் மேலேயே கழுவேற்றுங்கள் என்பதுதான் உத்தரவு. ராஜாவின் கோபம் வண்டிக்காரன் மேல் இல்லை, வீடு கட்டுகிறவன் மேல். அதற்குப் பின் எத்தனையோ சாம்ராஜ்யங்கள் வந்து போய்விட்டன. தெருவில் இடம் போதவில்லை என்றால் வீடு கட்டுகிறவனைப் பிடி என்ற கொள்கை மட்டும் அப்படியே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கழுமரத்துக்குப் பதிலாகப் பிளான் அப்ரூவல் வந்தது. கழுமரத்தில் ஒரு சௌகரியம் உண்டு, சீக்கிரம் முடிந்துவிடும்.

நடுவில் ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று வண்டிக்காரனையே நேராகப் பிடித்துப் பார்த்தது. பொழுது விடிந்ததிலிருந்து பிற்பகல் சாயும் வரை பாரவண்டிகள் நகருக்குள் வரக்கூடாது, கோயில் கட்டுமானச் சாமான் ஏற்றிவருகிற வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு என்றார்கள். வண்டிகள் சமர்த்தாக ராத்திரியில் வந்தன, ஊர் தூக்கம் போயிற்று. பின்னால் வந்த ஜூவனல் என்ற கவிராயர், ரோமில் தூங்குவதற்குப் பெரிய பணக்காரனாக இருக்க வேண்டும் என்று புலம்பிவிட்டுப் போனார்.

நம் கதைக்குத் தேவையான ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ். வருஷம் 1920. அந்த நகரசபைக்கு அந்த வருஷம் எங்கிருந்தோ திடீரென்று தைரியம் வந்தது. நகர மையத்தில் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்க, நடுவில் டிராம் வண்டிகள் நகர முடியாமல் மணியடித்துக்கொண்டே நின்றன. டிராமில்தான் முக்கால்வாசி ஜனம் போய்வந்தது. ஆகவே ஏப்ரல் மாதம் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: காலை பதினொன்றிலிருந்து மாலை ஆறே கால் வரை மையத்தில் யாரும் காரை நிறுத்தக் கூடாது.

சட்டம் வேலை செய்தது. அதுதான் அது செய்த தப்பு. டிராம்கள் நேரத்துக்கு ஓடின, தெரு காலியாகக் கிடந்தது, தெருவோடு கடைகளும் காலியாகக் கிடந்தன. வியாபாரிகள் கல்லாவைத் திறந்து காட்டி ஒப்பாரி வைத்தார்கள். பத்திரிகைகள் கூடவே அழுதன. அப்போது களத்தில் குதித்தவர் கிளாரா கிம்பால் யங் என்ற சினிமா நட்சத்திரம். ஊமைப்பட நாயகி. திரையில் பேச முடியாதவர் தெருவில் ஊர்வலம் விட்டார். கார் நிறுத்தும் உரிமை கேட்டு, கார்களிலேயே, அந்த அம்மாளின் தலைமையில் ஒரு படை நகர மையத்துக்குள் புகுந்தது. சட்டம் அமலாகி மாதம் முடியவில்லை, நகரசபை பல்டி அடித்தது. மாலையில் கூட்ட நேரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், மற்ற நேரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்கள்.

நகர அரசியல்வாதிகள் இதிலிருந்து ஒரு பாடம் படித்தார்கள். கார் வைத்திருப்பவனைத் தொடாதே, அவனுக்கு ஓட்டு இருக்கிறது, வாய் இருக்கிறது, சினிமா நட்சத்திரமும் இருக்கிறது. அப்படியானால் யாரைத் தொடுவது? ஓட்டே இல்லாத ஒரு ஜென்மம் ஊரில் உண்டு. இன்னும் கட்டாத வீட்டில், இன்னும் குடிவராத ஆள். அவன் மனு போட மாட்டான், ஊர்வலம் விட மாட்டான், அவன் வேறெங்கோ பக்கத்து ஊரில் வாடகைக்கு இருக்கிறான். தெருவில் நிற்கும் காருக்கான செலவை அவன் தலையில் கட்டினால் அவனுக்கே தெரியாது. வாடகையோடு சேர்ந்து போய்விடும்.

இந்த ஞானோதயம் முதலில் வந்த இடம் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம், 1923. அடுக்குக் குடியிருப்பு கட்டுகிறவர்கள் குடித்தனக்காரர்களின் கார்களுக்கும் மனைக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும் என்று அங்கேதான் முதல்முதலில் விதி போட்டதாகச் சொல்கிறார்கள். தனி வீட்டுக்காரரை விட்டுவிட்டு அடுக்கு வீட்டை மட்டும் ஏன் பிடித்தார்கள் என்று யோசிக்கிறவர்களுக்கு, அதே ஒஹையோவிலிருந்து மூன்று வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் போன யூக்ளிட் வழக்கு பதில் சொல்லும். மண்டலம் பிரித்து, இந்த இடத்தில் இன்னதுதான் கட்டலாம் என்று சொல்ல ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு என்று 1926-ல் அந்தத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட், தனி வீடுகள் நடுவே முளைக்கும் அடுக்குக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்றார். வெளிச்சத்தை மறைக்கிறது, காற்றை மறைக்கிறது, ஓடுகிற காரும் நிற்கிற காருமாகத் தெருவை அடைக்கிறது என்று குற்றப்பத்திரிகை வாசித்தார். தனி வீட்டுக்காரர் கார் தெருவை அடைக்காது போலிருக்கிறது. அது பெரிய இடத்துக் கார், மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கும்.

நியாயமாகப் பார்த்தால் 1935-லேயே கதை முடிந்திருக்க வேண்டும். அந்த வருஷம் ஜூலை 16-ல் ஓக்லஹோமா சிட்டியில் கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரரின் யோசனையால் உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டர் நடப்பட்டது. மணிக்கு ஐந்து சென்ட். காசு போட்டவன் நிறுத்தினான், வேலை முடிந்தவன் உடனே கிளம்பினான், பின்னால் வந்தவனுக்கு இடம் கிடைத்தது. சர்க்கரைக்கு விலை இருப்பதுபோல் இடத்துக்கும் விலை வைத்தால் பஞ்சம் வராது என்கிற அரிச்சுவடி ஐந்து சென்ட்டில் நிரூபணம் ஆனது. ஆனால் மீட்டர் என்றால் ஓட்டுப் போடுகிறவனிடமே காசு கேட்க வேண்டும். கடைத்தெருவோடு அதை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுத் தெருக்களில் இலவசம் தொடர்ந்தது, இலவசத்துக்கான செலவைப் புதுக் கட்டடங்கள் ஏற்றுக்கொள்ளும் என்று முடிவாயிற்று.

1939-ல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊர், ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் பார்க்கிங் கட்டாயம் என்றது. வந்து படுக்கிற இடம் என்பதைத் தவிர இரண்டுக்கும் என்ன ஒற்றுமையோ! அதற்கப்புறம் பிடித்தது பாருங்கள். 1946-ல் 76 நகரங்களில் விசாரித்தபோது நூற்றுக்குப் பதினேழு ஊர்களில்தான் இப்படி விதி இருந்தது. ஐந்து வருஷம் கழித்து விசாரித்தால் எழுபதுக்கு மேல். விதி போட்டாயிற்று, அல்லது போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

சரி, எந்தக் கட்டடத்துக்கு எத்தனை கார் என்று எப்படிக் கணக்குப் போட்டார்கள்? இங்கேதான் மனித குலத்தின் கற்பனை வளம் கொடிகட்டிப் பறந்தது. திட்ட அதிகாரி பக்கத்து ஊருக்குப் போன் போட்டு, 'உங்க ஊர்ல சலூனுக்கு எவ்வளவு சார் வெச்சிருக்கீங்க?' என்று கேட்பார். அந்த ஊர்க்காரர் அதற்கு முந்தின ஊர்க்காரரைக் கேட்டிருப்பார். முதல் ஊர்க்காரர் யாரைக் கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. இப்படியாகச் சட்டப் புத்தகங்களில் ஏறிய விதிகளில் சில: கன்னிமடத்தில் பத்து கன்னியாஸ்திரீகளுக்கு ஒரு கார் இடம். பாதிரிமார் விடுதியில் நாலு பாதிரிமாருக்கு மூன்று. நீச்சல் குளத்தில் 2,500 காலன் தண்ணீருக்கு ஒன்று. தண்ணீரே கார் ஓட்டிக்கொண்டு வரும்போல. கல்லறை மண்டபத்துக்கு, ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேரை அடக்கம் செய்ய முடியுமோ, அதைப் பத்தால் பெருக்கு. ஒரு கன்னியாஸ்திரீ கூடுதலாகச் சேர்ந்தால் மடத்தின் தலைவியம்மாள் நகராட்சிக்கு ஓட வேண்டுமா என்பதைப் பற்றி விதி மௌனம் சாதித்தது.

விஞ்ஞானமாகப் போவோம் என்றவர்களுக்குப் போக்குவரத்துப் பொறியாளர் சங்கத்தின் கையேடு இருந்தது. அதில் துரித உணவுக் கடைக்கு ஆயிரம் சதுர அடிக்கு 9.95 கார் என்று ஒரு பதிப்பில் போட்டிருந்தார்கள். பத்து இல்லை, 9.95. அந்த எண் பிறந்தது 18 கடைகளைப் பார்த்து. அந்தக் கடைகளில் கட்டடத்தின் அளவுக்கும் நின்ற கார்களுக்கும் இருந்த தொடர்பு, அதே பக்கத்திலேயே அச்சான கணக்குப்படி, நூற்றுக்கு நாலுகூட இல்லை. பெரிய கடையில் கார் கம்மி, சின்னக் கடையில் கார் அதிகம் என்றெல்லாம் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. நடுவே ஒரு கோட்டை இழுத்துப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டதும் அது வேதவாக்காகிவிட்டது. ஜோசியரிடம் போனாலும் இவ்வளவு துல்லியம் கிடைக்காது.

கன்னிமடமும் கல்லறையும் கிடக்கட்டும், வீட்டுக்கு வருவோம். இந்த விதியில் அடிபட்டவன் பெரிய பில்டர் இல்லை. ஒரே ஒரு மனையை வாங்கி, அதில் நாலு அல்லது ஆறு வீடு கட்டி, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விட்டு வயிற்றைக் கழுவலாம் என்று நினைத்த சின்ன ஆள்.

விதிகள் வருவதற்கு முன் தெற்குக் கலிபோர்னியாவில் அவன் கட்டியது பங்களா கோர்ட். ஒரே மனையில் இரண்டு பக்கமும் வரிசையாகக் குட்டி வீடுகள், நடுவில் பொது முற்றம். திருவல்லிக்கேணி ஸ்டோர் வீட்டைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். குழாயடிக்குப் பதில் ரோஜாச் செடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசடேனாவில் 1909-ல் சில்வானஸ் மார்ஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் கோர்ட் வசதிக்காரர்களுக்கான முன்னோடி. பின்னால் அதே அச்சில் சிக்கனமாக நூற்றுக்கணக்கில் முளைத்தன. சினிமாவில் சான்ஸ் தேடி வந்தவர்கள், விதவைகள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள் எல்லோரும் அதில் குடியிருந்தார்கள். இன்றைக்குப் பாசடேனாவில் மிஞ்சியிருக்கும் கோர்ட்டுகள் பல தேசியப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்றை இடிக்கப் போனால் ஊர் கூடி அழும். பக்கத்து மனையில் அதே மாதிரி ஒன்றைக் கட்டுகிறேன் என்று பல்லாண்டுக் காலம் யாராவது போயிருந்தால், கார் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்தக் 'கார் எங்கே' எவ்வளவு பெரிய கேள்வி என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் புரியும். மேற்குக் கரை ஊர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் மனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: அகலம் 50 அடி, ஆழம் 100 அடி. நம் கணக்கில் இரண்டு கிரவுண்டும் கொஞ்சமும். லாஸ் ஏஞ்சல்ஸ் விதி 1930-களில் வீட்டுக்கு ஒரு கார் என்று ஆரம்பித்து, வருஷம் ஏற ஏறத் தானும் ஏறியது. இரண்டு அறைக்குள் இருந்தால் ஒரு கார், மூன்று அறை என்றால் ஒன்றரை, அதற்கு மேல் இரண்டு. அரைக் காரை எந்தக் கம்பெனி தயாரிக்கிறது என்று தெரியவில்லை.

நம் சின்ன ஆள் சுருட்டிய வரைபடத்தோடு கவுன்ட்டரில் போய் நிற்கிறான்.

'ஆறு வீடு, மூணு மூணு அறை சார்.'

'அப்ப ஒன்பது கார்.'

'சார், குடிவரப் போறவங்க பாதிப் பேர் பஸ்ல போறவங்க.'

'பஸ் எத்தனைன்னு இந்தப் பாரத்துல கேட்கலையே. ஒன்பது கார் எங்கே, காட்டுங்க.'

அவன் உட்கார்ந்து வரைந்து பார்க்கிறான். ஒரு கார் நிற்க ஏறத்தாழ ஒன்பதடிக்குப் பதினெட்டடி. அது போய் வரத் திரும்ப, முன்னால் 24 அடி வழி விட வேண்டும். இரண்டு வரிசைக் கார், நடுவில் வழி என்றால் 60 அடி. மனையின் அகலமே 50. சரி, பின்பக்கம் ஒரே வரிசை என்று போட்டால் ஐந்து கார் நிற்கும். ஆழத்தில் 42 அடி காலி. தெருவிலிருந்து அங்கே போக ஓரமாகப் பத்தடிப் பாதை. முன்னால் பதினைந்தடி, இன்னொரு பக்கம் ஐந்தடி செட்பேக். மிச்சம் 35-க்கு 43. அதில் இரண்டு மாடி போட்டால் ஆறு குட்டி வீடு தாராளமாக வரும். சுவர் தயார், கூரை தயார், வாடகைக்கு ஆள் தயார். ஆனால் கார் ஐந்துதானே? ஐந்தை ஒன்றரையால் வகுத்தால் மூன்று வீடு. ஆறு வீடு கட்டப் போனவன் மூன்றோடு திரும்புகிறான். மூன்றுதான் என்றால் குட்டியாகக் கட்டுவானேன்? பெரிதாகக் கட்டிப் பெரிய வாடகைக்கு விடுவான், அல்லது மனையை விற்றுவிட்டுப் போவான்.

தரைக்குக் கீழே தோண்டலாமே என்பீர்கள். பத்தடி கீழே இறங்கச் சரிவுப் பாதை போட்டால், ரேம்ப் முடிகிற இடத்தில் மனையும் முடிந்துவிடும். நாலு மனையைச் சேர்த்து வாங்கி, கீழே இரண்டு தளம் தோண்டி, மேலே நூறு ஃபிளாட் அடுக்குகிறவனுக்குத்தான் அது கட்டுப்படியாகும். பெரிய கட்டடம் வந்து ஊர் அழகைக் கெடுக்கிறது என்று பின்னால் குறைப்பட்டுக்கொண்டவர்களும், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கார் இடம் வேண்டும் என்று சண்டை போட்டவர்களும் ஒரே ஆட்கள்தான். காலையில் ஒரு மனு, மாலையில் ஒரு மனு.

மூன்றாவதாக ஒரு வழியை ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கட்டடத்துக்குக் கால் முளைக்க வைத்தார்கள். மெல்லிய கம்பித் தூண்கள் மேல் இரண்டு மாடி டப்பா, கீழே வரிசையாகக் கார். நம் ஊரில் ஸ்டில்ட் என்கிறோமே, அதே. டிங்பேட் என்று அதற்குச் செல்லப் பெயர். டப்பாதானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று முகப்பில் இரும்பு நட்சத்திரம் ஒன்றை ஒட்டி, 'காப்ரி' என்றும் ஹவாய், தாஹிதி வாடை அடிக்கும் பெயர்களாகவும் வளைத்து வளைத்து எழுதினார்கள். தென்கடல் தீவின் பெயர் மேலே, பியூக் காரின் பின்பக்கம் கீழே.

இதில் ஒரு விசேஷம். கார்கள் நேராகத் தெருவுக்குள் பின்வாங்க வேண்டும் என்பதால் மனையின் முன்பக்கம் முழுக்க நடைபாதை விளிம்பைச் செதுக்கிச் சரிவாக்கினார்கள். அந்த 50 அடி விளிம்பில் அதுவரை ஊரார் யார் வேண்டுமானாலும் இரண்டு காரை நிறுத்தியிருக்கலாம். இப்போது முடியாது, வழிமறிப்பு. தெருவில் இடம் போதவில்லை என்பதற்காக வந்த சட்டம், தெருவில் இருந்த இடத்தைத் தின்று அதைக் குடித்தனக்காரரின் சொந்த இடமாக மாற்றிக் கொடுத்தது. அவர் வேலைக்குப் போயிருக்கும் பகலெல்லாம் அது சும்மா கிடக்கும்.

இந்தக் கால்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது, அதில் சிரிக்க எதுவும் இல்லை. 1994 ஜனவரி 17 அதிகாலை நாலரை மணிக்கு நார்த்ரிட்ஜ் பூகம்பம் வந்தது. கீழ்த்தளத்தில் சுவருக்குப் பதில் கார் நிறுத்தும் திறப்புகளோடு இருந்த நார்த்ரிட்ஜ் மெடோஸ் குடியிருப்பின் கீழ்த்தளம் மடிந்து உட்கார்ந்தது. அந்த ஒரு கட்டடத்தில் 16 பேர் செத்துப்போனார்கள். இப்படிப்பட்ட பலவீனக் கால் கட்டடங்களை வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்று நகரம் கட்டாயச் சட்டம் போட 2015 ஆயிற்று. பட்டியல் போட்டால் சுமார் 13,500 கட்டடம் தேறியது. எத்தனை கார் நிற்கும் என்று அரைக் கார் வரைக்கும் கணக்குப் பார்த்த நகரத்துக்கு, மேலே இருக்கிற மாடி நிற்குமா என்று பார்க்க இருபத்தோரு வருஷம் பிடித்தது.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் ஓக்லண்ட் நகரத்தில் இந்த விதி வீட்டை என்ன செய்கிறது என்று அளந்தே பார்த்துவிட்டார்கள். 1961-ல் அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு கார் இடம் கட்டாயம் என்று வந்தது. வெறும் ஒன்று. பிரயன் பெர்தா என்பவர் விதிக்கு முன் கட்டியவற்றையும் பின் கட்டியவற்றையும் ஒப்பிட்டு 1964-ல் சொன்ன கணக்கு: ஒரு வீட்டுக்கான கட்டுமானச் செலவு 18 சதவீதம் ஏற்றம், ஏக்கருக்கு வரும் வீடுகள் 30 சதவீதம் இறக்கம், மனையின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு காலி. இந்த அறிக்கையை வாசித்த மற்ற ஊர்கள் என்ன செய்தன? ஒன்றை ஒன்றரை ஆக்கின.

நாற்பது வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் ஒரு தாடிக்கார வாத்தியார் வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துப் பொருளாதாரக்காரர் டொனால்ட் ஷூப். வகுப்புக்குச் சைக்கிளில் போகிற ஆசாமி. பார்க்கிங் பற்றி 2005-ல் எழுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பே, இலவச பார்க்கிங்குக்கு நாம் கொடுக்கும் பெரிய விலை என்கிற பொருளில். கன்னியாஸ்திரீயையும் நீச்சல் குளத்தையும் 9.95-ஐயும் தேடிப் பிடித்து ஊருக்குக் காட்டியவர் அவர்தான். அதைவிட வேடிக்கை, அந்தப் புத்தகத்தை வெளியிட்டது அமெரிக்கத் திட்டமிடுவோர் சங்கம். அதாவது, இத்தனை நாள் அந்த எண்களைப் போட்டுக்கொண்டிருந்தவர்களின் சொந்தச் சங்கம். திட்டுவதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். ஷூப்பிஸ்டா என்று பெயர் சூட்டிக்கொண்டு ஒரு சீடர் கூட்டமே கிளம்பியது. தெருவில் இடத்துக்கு விலை வை, வந்த காசை அந்தத் தெருவுக்கே செலவழி, வீட்டுக்காரனை விட்டுவிடு. அவருடைய உபதேசம் அவ்வளவுதான். எண்பத்தாறு வயதில், 2025 பிப்ரவரியில் காலமானார்.

அவர் புத்தகம் வருமுன்னரே லாஸ் ஏஞ்சல்ஸ் தெரியாத்தனமாக ஒரு பரிசோதனை செய்திருந்தது. நகர மையத்தில் பழைய ஆபீஸ் கட்டடங்கள் காலியாகப் புறா அடைந்து கிடந்தன. 1999-ல் அவற்றை வீடாக மாற்றிக்கொள்ளுங்கள், புதிதாகப் பார்க்கிங் கேட்க மாட்டோம் என்றார்கள். அடுத்த ஒன்பது வருஷத்தில் 56 கட்டடங்கள் சுமார் 7,300 வீடுகளாயின. பார்க்கிங் இல்லாமல் யார் வருவார்கள் என்றவர்கள், வந்தவர்களோடு சேர்ந்து லிப்டுக்கு வரிசையில் நின்றார்கள். சியாட்டிலிலும் ரயில், பஸ் அடிக்கடி வரும் இடங்களில் 2012-ல் விதியைத் தளர்த்தினார்கள். 2017 வரை கட்டிய 868 கட்டடங்களைப் பார்த்தவர்கள், பழைய விதி கேட்டிருக்கக்கூடியதைவிட 18,000 கார் இடம் குறைவு, மிச்சமான செலவு 53 கோடி டாலருக்கு மேல் என்றார்கள்.

போர்ட்லண்டில் நடந்தது தனிக் கூத்து. அங்கே பஸ் ஓடும் சாலைகளில் பார்க்கிங் வேண்டாம் என்று ஏற்கெனவே விதி இருந்தது. 2012 வாக்கில் டிவிஷன் தெருவில் பார்க்கிங் இல்லாத குடியிருப்புகள் நிஜமாகவே எழும்பத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். 2013-ல் நகரசபை ஒரு சமரசம் செய்தது: 30 வீடு வரை பார்க்கிங் தேவையில்லை, அதற்கு மேல் ஒரு வீடு போனாலும் மொத்த வீடுகளில் ஐந்தில் ஒரு பங்குக்காவது இடம் வேண்டும். 31-வது குடும்பம் என்ன பாவம் செய்ததோ, அது வந்தால்தான் காரோடு வரும். ஒரு நம்பருக்காக எந்த பில்டர் குழி தோண்டுவான்? போர்ட்லண்டு 2020-ல் சாதாரண வீட்டு மனைகளில் நாலு வீடு வரை கட்டலாம், பார்க்கிங் உங்கள் இஷ்டம் என்று சின்ன ஆளுக்கு வழியைத் திறந்துவிட்டது.

பின்னால் ஊர் ஊராகக் கை கழுவினார்கள். 2017-ல் பஃபலோ, 2021-ல் மினியாபொலிஸ், 2022-ல் சான் ஹோசே, 2023-ல் ஆஸ்டின். கலிபோர்னியா மாநிலமே 2022-ல் பெரிய ரயில், பஸ் நிறுத்தங்களிலிருந்து அரை மைலுக்குள் எந்த ஊரும் பார்க்கிங் கேட்கக் கூடாது என்றது. கை கழுவிய ஊர்களில் பார்க்கிங்கே இல்லாமல் போய்விடவில்லை. விதி போனதும் கடன் கொடுக்கிற வங்கிக்காரர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்: 'எல்லாம் சரிதான், கார் எங்கே?'

ஜப்பான்காரன் 1962-லேயே கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தான். வீடு கட்டுகிறவனிடம் கார் எங்கே என்று கேட்பதற்குப் பதில், கார் வாங்குகிறவனிடம் இடம் எங்கே என்று கேட்டான். நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் ஸ்டேஷனில் சான்றிதழ் வாங்கினால்தான் கார் உன் பேரில் பதிவாகும். டோக்கியோவில் கைக்குட்டை அகல மனையில் நாலு வீடு கட்டுகிற சின்ன ஆள் பிழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே கிளாரா கிம்பால் யங் மாதிரி யாரும் கிளம்பவில்லை போலும்.

கலிபோர்னியாவில் கடைசியாக நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இத்தனை சட்டமும் போட்டுக் கட்டவைத்த கராஜ்களுக்குள் என்னதான் இருக்கிறது என்று ஷூப்பின் அதே பல்கலைக்கழகத்து மானுடவியல்காரர்கள் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளில் புகுந்து பார்த்தார்கள். நாலில் மூன்று கராஜில் கார் இல்லை. நுழைய முடியாது. பழைய மெத்தை, கிறிஸ்துமஸ் மரப் பெட்டி, தூசி படிந்த உடற்பயிற்சி சைக்கிள், மொத்தமாக வாங்கிக் குவித்த டிஷ்யூ பேப்பர். கார் தெருவில் நின்றுகொண்டிருந்தது, 1920-ல் நின்ற அதே இடத்தில்.

2017-லிருந்து மாநிலம் இந்தக் கராஜை வீடாக மாற்றிக்கொள்ள வழிவிட்டது. பஸ் வசதி பக்கத்தில் இருந்தால் புதுப் பார்க்கிங் வேண்டாம். 2020-லிருந்து, போன கராஜுக்குப் பதில் கார் இடம் காட்டு என்று எந்த ஊரும் கேட்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் அனுமதி வாங்கினார்கள். பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜன்னல் வைத்து, சமையல் மேடை போட்டு, அம்மாவையோ மாமியாரையோ குடிவைத்தார்கள். இந்த மாதிரி வீட்டுக்கு அந்த ஊர்ப் பேச்சு வழக்கிலேயே பாட்டி வீடு என்றுதான் பெயர். உடனே அக்கம்பக்கத்துக்காரர்கள் நகரசபைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்கள். பாட்டி வரட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பாட்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள்?